ஜாக் ரஸ்ஸல் டெரியர் இனப்பெருக்கம்: பரிசுக் கோப்பையைப் பார்த்து ஆண் நாயைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கில் எலி பிடிக்க ஜாக் ரஸ்ஸல் பெட்டை வளர்க்கிறோம். வயது இரண்டரை. முகத்தில் மட்டும் பழுப்பு, மற்றபடி வெள்ளை. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஆண் ஒன்று கிடைக்கிறது. இரண்டுக்கும் தகப்பன் ஒன்று, தாய் வேறு. சேர்க்கலாமா? போன பருவத்தில் வேறொரு ஆணோடு 11-ஆம் நாள் சேர்த்தும் சினை நிற்கவில்லை.

பதில்: இந்த ஆண் வேண்டாம். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் குட்டிகளின் உட்கலப்பு அளவு 12.5 சதவீதம். இந்த இனத்தில் மறைந்து கிடக்கும் குறைகள் வெளிவர அது தாராளம்.

அவற்றில் கொடியது கண் வில்லை நழுவும் நோய். வில்லையைத் தாங்கும் நுண்ணிழைகள் அறுந்து, பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வில்லை இடம் மாறும். கண்ணழுத்தம் ஏறிப் பார்வை போய்விடும். பரிசு வாங்கும் இளவயதில் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. நோய் வெளிப்படும்போது அந்த நாய்க்குப் பல ஈத்துக் குட்டிகள் பிறந்திருக்கும். காரணம் ஏடிஏஎம்டிஎஸ்17 என்ற மரபணுவின் பழுது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் டிஎன்ஏ சோதனை சொல்லிவிடும். மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று மட்டும் பழுதான நாயை ஒதுக்க வேண்டியதில்லை, பழுதே இல்லாத நாயோடு சேர்க்கலாம். தாய், தகப்பன் இரண்டுக்கும் ஒரு நகல் பழுது என்றால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. நடை தடுமாறும் தள்ளாட்ட நோய்க்கும் இதே பஞ்சு மாதிரியிலேயே சோதனை கேளுங்கள்.

உங்கள் பெட்டையின் காதையும் பார்க்க வேண்டும். வெள்ளை மிகுந்த நாய்களில் உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் பிறவிச் செவிடு வரலாம். ஒரு காது மட்டும் செவிடானால் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது; ஒலிக்கு மூளை தரும் மின் அலையை அளக்கும் 'பேர்' (BAER) சோதனைதான் வழி.

கண்காட்சி நடுவர் பார்ப்பதற்கும் இந்த இனத்தின் பழைய வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது 1819-இல் வாங்கிய டிரம்ப் என்ற பெட்டையிலிருந்து வளர்த்த வழி இது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே துரத்த வேண்டும், ஆனால் வேட்டைநாய்கள் இதையே நரியென்று பாய்ந்துவிடக் கூடாது. அதனால் வெள்ளை நிறம். இன்றைய குட்டையான உருவம் ஆஸ்திரேலியாவில் நிலைப்பட்டது. உயரம் 25–30 செ.மீ., ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் 1 கிலோ எடை, முழங்கைக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 40–43 செ.மீ. நடுவர் இரு கைகளாலும் மார்பை வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். வளைக்குள் நுழைய முடியாத பீப்பாய் மார்பு பெருங்குறை. வாலை வெட்ட வேண்டாம். முழு வாலுக்கும் இந்த இனத்துக்கான கண்காட்சி இலக்கணத்தில் இடமுண்டு.

சினை நிற்காததற்கு நாள் கணக்கே காரணமாக இருக்கலாம். கருமுட்டை வெளிவரும் நாள் பெட்டைக்குப் பெட்டை மாறும். இரத்தக்கசிவு தொடங்கிய 6-ஆம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கொரு முறை இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பாருங்கள். மி.லி.க்கு 5 நானோகிராம் அளவில் முட்டை வெளிவரும். அது முதிர இன்னும் இரண்டு நாள் ஆகும். ஆகவே அந்த அளவை எட்டிய 2-ஆம் நாளும் 4-ஆம் நாளும் சேர்க்கலாம். பூட்டிக்கொண்டால் பிரிக்க இழுக்காதீர்கள், அரை மணிகூட ஆகலாம். முன்னதாக இரண்டுக்கும் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான சோதனை அவசியம்.

சினைக்காலத்தில் பலரும் கால்சியம் டானிக் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் உடலின் பழக்கம் மந்தமாகி, ஈன்ற சில வாரங்களில் பால் பெருகும்போது நடுக்கமும் வலிப்பும் வரலாம். 5 வாரம் வரை வழக்கமான தீனி, பிறகு படிப்படியாக ஒன்றரை மடங்கு, சிறுசிறு வேளைகளாக. உடல் சூடு 99 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் மருத்துவரிடம் ஓடுங்கள்.

குட்டிகளை 8 வாரத்துக்கு முன் விற்பது 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளின்படி தவறு. வளர்ப்போர் பதிவும் தேவை.

எலி பிடிக்கும் நாய் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். கிடங்கில் புரோமடியோலோன் என்ற எலி விஷக் கட்டி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதைத் தின்ற எலியை நாய் தின்றால் சில நாள் கழித்து உள்ளுக்குள் இரத்தம் கசியும். சந்தேகம் வந்தவுடனே வைட்டமின் கே1 சிகிச்சை தொடங்க வேண்டும்.