நாகப்பட்டினம் சகோதரிக்கு: குறை சாயத்தில் இல்லை, சோடாவில்

வணக்கம். ரியாக்டிவ் சாயத்தோடு (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஆப்ப சோடா சேர்த்து, துணியை முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய பருத்திச் சுடிதார் முதல் அலசலிலேயே வெளிறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆசையாகச் செய்தது அப்படிப் போனால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். கொதிக்க வைக்காமல் செய்யும்போது ஆப்ப சோடாவின் காரத்தன்மை போதாது. சலவை சோடாதான் வேண்டும். அந்தக் காரத்தில்தான் சாயம் பருத்தி இழையோடு பிணையும்.

புதுத் துணியென்றால் முதலில் கஞ்சி போக வெந்நீரில் துவையுங்கள். லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா கரைத்து 20 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, ஈரத்தோடு முடிச்சுப் போட்டுச் சாயம் ஊற்றுங்கள். கையுறை அவசியம். அப்புறம் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு நாள் வையுங்கள். காய்ந்துவிட்டால் சாயம் பிடிப்பது நின்றுவிடும். மறுநாள் பச்சைத் தண்ணீரில் அலசி, முடிச்சைப் பிரித்து, கடைசியில் நல்ல சூடான சோப்புத் தண்ணீர்.

கடலோர போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், சாயம் கரைக்க மட்டும் மழைநீர் எடுங்கள். துப்பட்டா பாலியஸ்டர் என்றால் இந்தச் சாயம் ஏறவே ஏறாது, விட்டுவிடுங்கள். அலசிய தண்ணீரைத் தயவுசெய்து பாசன வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.