கை கால் தேறிவிட்டது, கணக்குதான் தடுமாறுகிறது

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. ஆனால் நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கவே திணறுகிறார், பகலில் தூங்கி வழிகிறார். மூளையில் கழிவுநீர் தேங்குவதால் இப்படி ஆகும் என்கிறார்களே, அதை எடுத்துவிட முடியுமா? - வாசகி, கரூர்

பதில்: பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நினைவும் கவனமும் கணக்கும் சறுக்கும். அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. தினமும் அரை லிட்டர் புதிதாக ஊறும், பழையது வடியும். இந்த நீர் தமனிகளை ஒட்டி மூளைக்குள் இறங்கிக் கழிவை அலசிப் போகிறது என்று 2012-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் மைக்கென் நெடர்கார்ட் என்ற மூளை ஆய்வாளரின் குழு எலிகளில் காட்டியது. நாடித்துடிப்புதான் அதற்குப் பம்ப். தமனி அடைபட்டாலோ, ரத்தக் கொதிப்பில் விறைத்தாலோ ஓட்டம் மந்தமாகிறது. தூக்கத்தில்தான் அலசல் மும்முரம் என்று அவர்கள் 2013-ல் சொன்னார்கள். 2024-ல் லண்டன் ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியானாலும் இது ஊறி வடிந்து ஓடிக்கொண்டே இருக்கும் நீர், ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கும் விஷயம் இல்லை. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்தப் பகல் தூக்கம். இன்றிரவு அவர் தூங்கியபின் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். குறட்டை சட்டென்று நின்று, பத்து நொடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுக்கிறாரா? போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு இந்த மூச்சுத்தடை மிகச் சாதாரணம், பலருக்கு யாரும் கண்டுபிடிப்பதே இல்லை. இரவில் முகமூடி மாட்டி மூச்சுப்பாதைக்குள் காற்றைச் செலுத்தும் சிபேப் (CPAP) இயந்திரம் இதற்கு உண்டு. நீங்களாகத் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மூச்சுத்தடை இன்னும் மோசமாகலாம்.

வீட்டிலேயே பிரஷர் பாருங்கள். பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது, அவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். பி12, தைராய்டு பரிசோதனையும், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும் விட்டுப்போக வேண்டாம். காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் ஸ்கேன் அவசியம். நீர் உண்மையிலேயே தேங்கும் நோய் ஒன்று உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. திடீரென்று வாய் கோணினால், பேச்சு குழறினால் உடனே 108.

அப்புறம், கல்லாப்பெட்டியிலிருந்து அவரை எழுப்பிவிடாதீர்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, சில்லறையை அவரே எண்ணிக் கொடுக்கட்டும்.