அம்மாவின் விரலுக்குத் தெரிந்த கலை

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது. இளவயதில் இலங்கை ஹட்டனிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இப்போது கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்கிறார் டாக்டர். படம், கைவேலை என்று ஏதாவது கொடுக்கச் சொன்னார். கலரிங் புத்தகமும் கிரேயானும் வாங்கிக் கொடுத்தேன். "நான் என்ன எல்கேஜி பிள்ளையா?" என்று தள்ளிவிட்டார். வேறு என்ன செய்யலாம்?

பதில்: அம்மா கோபப்பட்டது நியாயம். மறதி வந்தாலும் மானம் அப்படியேதான் இருக்கும். அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, அவர் கை எதில் பழகியது என்று பாருங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை. நேற்று நடந்ததைப் பதிந்துவைக்கும் இடம் அது. கோலம் போடுவது, பின்னுவது, கொழுந்து கிள்ளுவது போன்ற பழகிய கைவேலைகள் மூளையின் வேறு பகுதிகளில் பதிந்திருக்கின்றன. அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவர் சிக்குக் கோலத்தை இழை பிசகாமல் இழுப்பது இதனால்தான்.

உங்கள் அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது காகிதம் கிள்ளி ஒட்டுவது. பழைய காலண்டர் தாள், பத்திரிகை அட்டை, கிரேப் பேப்பர் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு மடியருகே வையுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் அந்த அசைவு, ஆயுள் முழுக்க அவர் செய்தது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுங்கள். ஒரு பெரிய அட்டையில் மலைச்சரிவின் கோடு மட்டும் வரைந்து வைத்து, கிள்ளிய துண்டுகளை மைதாப் பசையால் இருவரும் ஒட்டுங்கள். வானத்தில் பச்சையும் சரிவில் சிவப்பும் வந்தால் வரட்டும். திருத்தக் கூடாது; அவர் எழுந்து போன பிறகு ரகசியமாகச் சரிசெய்யவும் கூடாது.

அடுத்தது இலை அச்சு. இதற்கு நம் மலை போல வசதியான ஊர் வேறில்லை. பாதையோர மண்திட்டில், அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசினாற்போல ஒரு பெரணி வளரும். அதைப் புறங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் இலை அப்படியே வெள்ளையாகப் பதியும். மலையில் வளர்ந்த பிள்ளைகள் விளையாடாத விளையாட்டா இது! அம்மாவின் கையில் முதலில் பதித்துக் காட்டுங்கள், பிறகு கறுப்பு சார்ட்டில் அவரே பதிக்கட்டும். பிழையாகப் போக இதில் வழியே இல்லை. தேயிலையின் முற்றிய இலை, சில்வர் ஓக் இலை இவற்றின் அடிப்பக்கத்தில் போஸ்டர் கலர் தடவியும் அச்செடுக்கலாம். ஊமத்தையை மட்டும் அண்டவிடாதீர்கள். வேலியோரம் மணிபோல் தொங்குமே, அந்தப் பெரிய பூவும் சேர்த்துத்தான். அதன் நஞ்சு உள்ளே போனால் நல்ல நினைவுள்ளவருக்கே புத்தி தடுமாறும்.

கோலத்துக்கு வெள்ளைத் தட்டு உதவாது; கறுப்புத் தட்டோ ஸ்லேட்டோ வேண்டும். புள்ளிக் கணக்கு தடுமாறினால் புள்ளியை நீங்கள் வைத்துவிடுங்கள், இழை அவருடையது. வயதான கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியலாம் என்பதால் அவற்றை அடுத்தடுத்து வைக்காமல் சிவப்பு, மஞ்சளை நிறையக் கொடுங்கள்.

பேச்சில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இது என்ன இலை, சொல்லுங்க பார்ப்போம்" என்ற ஒரு வரி போதும், விளையாட்டு பரீட்சையாகிவிடும். "அம்மா, இதைத் தொட்டுப் பாருங்களேன், எவ்வளவு மெத்துனு இருக்கு" என்று சொல்லிவிட்டு விடுங்கள். அவராகவே பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்), படங்கு (கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு), கங்காணி (மேற்பார்வையாளர்) என்று ஹட்டன் கதைக்குப் போகலாம், போனால் கேளுங்கள். ஆண்டும் பெயரும் மாறினால் திருத்த வேண்டாம். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வீடு, சொந்தம், தோட்டம் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறி வந்த தலைமுறை அது. பழைய நினைவு எல்லாமே இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கண் கலங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், பிறகு ஒரு டீ போட்டுக் கொடுங்கள்.

நேரம் காலை பத்து மணிவாக்கில், வெயில் விழும் ஜன்னலோரம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் வெளிச்சமும் போகும். பலருக்கு மாலையில் குழப்பமும் கூடும். விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அரைமணி நேரம் தாராளம். கலர் கலக்கும் தண்ணீரை டீ டம்ளரில் வைக்காதீர்கள், எடுத்துக் குடித்துவிடுவார்.

இதனால் போன நினைவு திரும்பி வராது. பதற்றம் குறையலாம், முகம் தெளியலாம், உங்களோடு சேர்ந்து சிரிக்கலாம். என் கணக்கில் அது பெரிய லாபம்.

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவையும் மறதியைக் கூட்டும். இவற்றைப் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். முதியோருக்கான அரசு உதவி எண் 14567, கட்டணமில்லை. பராமரிப்பில் திணறும்போது நீங்களும் அதில் பேசலாம்.