வேளாண் தகவல் அமைப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: செயற்கைக்கோள் படத்தை வைத்தே விளைச்சலைக் கணிக்கலாமே? வயலில் இறங்கி அறுத்துப் பார்ப்பது எதற்கு?

பதில்: படம் விளைச்சலை அளப்பதில்லை, இலைப் பசுமையைத்தான் அளக்கிறது. செடி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு கிடைக்கும். அதற்குக் களையும் பச்சை, பயிரும் பச்சை. பயிர் அடர்ந்தபின் அந்த எண் அதிகம் ஏறாது. பூக்கும் தருணத்தில் வெயில் தாக்கி மணி பிடிக்காமல் போயிருக்கும், படத்திலோ வயல் செழிப்பாகவே தெரியும். பசுமையை எடையாக மாற்றும் கணக்குக்குச் சில வயல்களிலாவது அறுத்து எடைபோட்ட எண்கள் வேண்டும். அந்தச் செலவை வெட்டச் சொல்லும் திட்ட அறிக்கை வந்தால் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

கேள்வி: மழைக்காலம் முழுக்க மேகம். அப்போது என்ன செய்வது?

பதில்: ரேடார். சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் அனுப்பும் அலைகள் மேகத்தைக் கடந்துவிடும். நடவுக்கு நீர் கட்டிய நெல்வயல் அதில் கறுப்பாகத் தெரியும் என்பதால், நடவு எப்போது தொடங்கியது என்பதையும் பிடித்துவிடலாம்.

கேள்வி: உலகச் சந்தைத் தகவலால் அரசுகளுக்கு என்ன பயன்?

பதில்: 2007-08 உணவு விலை ஏற்றத்தின்போது பல நாடுகள் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. அது விலையை மேலும் ஏற்றியது. யாரிடம் எவ்வளவு இருப்பு என்ற தெளிவில்லாதது பீதிக்குத் தீனி போட்டது. அதனால்தான் 2011-இல் ஜி-20 நாடுகள் 'அமிஸ்' என்ற வேளாண் சந்தைத் தகவல் அமைப்பைத் தொடங்கின. கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா நான்கையும் அது கவனிக்கிறது. பலவீனமான கண்ணி இன்றும் இருப்புக் கணக்குதான். பல நாடுகளில் இருப்பை யாரும் நேரில் அளப்பதில்லை. உற்பத்தி, இறக்குமதி, பழைய இருப்பு மூன்றையும் கூட்டி, நுகர்வையும் ஏற்றுமதியையும் கழித்து, மிஞ்சுவதை எழுதிவிடுகிறார்கள். மற்ற எல்லா எண்களின் பிழையும் அங்கே வந்து குவிகிறது. எனவே ஒரு மாத இருப்பு எண்ணைப் பார்த்துத் தடை போடுவது அவசரம். அடுத்தடுத்த மாதங்களில் அது எப்படித் திருத்தப்படுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் இலவச மண் வரைபடம் இருக்கிறது. அதைப் பார்த்து உரம் போடலாமா?

பதில்: வேண்டாம். கட்டத்துக்கு 250 மீட்டர் பக்கம் உள்ள வரைபடத்தில் ஒரு கட்டமே 6.25 ஹெக்டேர். அமில மண் எந்த வட்டாரத்தில் அதிகம் என்று திட்டமிடுபவருக்கு அது போதும். உங்களுக்கு மண் மாதிரிப் பரிசோதனைதான்.