வெளிவராத விளையாட்டுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். இணையத்தில் அணி அணியாக மோதும் புதிய சுடும் விளையாட்டு ஒன்று அடுத்த சில மாதங்களில் வெளிவரப் போகிறதாம். வீட்டில் இப்போது அதே பேச்சுதான். அதை 90 வெள்ளி கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும் என்கிறான். முன்கூட்டியே ஆடிப் பார்க்கும் பீட்டா அனுமதி டெலிகிராமில் 45 வெள்ளிக்குக் கிடைக்கிறதாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் சிம் லிம் ஸ்குவேரில் பாகங்கள் வாங்கிக் கட்டிய கணினி இதற்குத் தாங்காது, 2,800 வெள்ளியில் புதியது வேண்டும் என்றும் கேட்கிறான். இவற்றில் எது நியாயமான செலவு? (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாயார்)

பதில்: விளையாட்டு வெளியாகி இரண்டு வாரம் ஆகும்வரை மூன்றில் எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். அதுவரை செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவை இலவசமானவை, பெரும்பாலும் உங்கள் மகனே செய்துகொள்ளக்கூடியவை. நீங்கள் விளையாட்டின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இந்த வகை விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றேதான் என்பதால் அதை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

டெலிகிராம் பீட்டாவை முதலில் முடித்துவிடுவோம், அதில் யோசிக்க அதிகம் இல்லை. பெரிய நிறுவனங்களின் சோதனை அனுமதி பெரும்பாலும் ஆட்டக்காரரின் கணக்கோடு பிணைக்கப்படுகிறதே ஒழிய, கைமாற்றிக் கொடுக்கத்தக்க சீட்டாக வருவதில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் கவுண்டர் ஸ்டிரைக் 2 சோதனைக்கு வந்தபோது, யார் ஆடலாம் என்பதை வால்வ் நிறுவனமே பழைய விளையாட்டில் அவரவர் ஆடிய நேரத்தையும் நம்பகத்தன்மையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதே நிறுவனத்தின் டெட்லாக் சோதனைக்கோ, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நண்பர் ஒருவர் அழைத்தால் போதும், காசு தேவையே இல்லை. ஆகவே 45 வெள்ளிக்கு விற்பவர் ஒன்று பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார், அல்லது பிறருடைய கணக்கைக் கொடுப்பார், அல்லது பீட்டா கோப்பு என்ற பெயரில் கடவுச்சொற்களைத் திருடும் நிரலை அனுப்புவார். நான் அதிகம் அஞ்சுவது மூன்றாவதைத்தான். போன 45 வெள்ளி தெரிந்துவிடும், போன கணக்கு பல நாள் கழித்துத்தான் தெரியவரும். ஆட்டக்காரர்கள் உரையாடும் டிஸ்கார்ட் செயலியில் “உறுதிப்படுத்த இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று யாராவது சொன்னால், அது அவர்கள் உங்கள் மகனின் கணக்கில் நுழைவதற்கான வழியாக இருக்கலாம் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள்.

முன்பதிவுக்கு வருவோம். கதையாக நகரும் தனியாள் விளையாட்டை முன்பதிவு செய்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. வாங்கிய பொருள் அலமாரியில் இருக்கும், ஐந்தாண்டு கழித்தும் ஆடலாம். போட்டி விளையாட்டு அப்படிப்பட்டதல்ல. அதில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மற்றவர்கள் அங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையைத்தான். எதிரணி வராத நாளில் புளோக்குக்குக் கீழே உள்ள பந்துத் திடல் எதற்குப் பயன்படுமோ, ஆட்டக்காரர் இல்லாத இணைய விளையாட்டும் அதற்குத்தான் பயன்படும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட கான்கார்ட் 40 அமெரிக்க டாலர் விலையுள்ள, பல ஆண்டு உழைப்பில் உருவான அணிச்சண்டை விளையாட்டு. போதிய ஆட்டக்காரர்கள் சேரவில்லை. செப்டம்பர் 6ஆம் தேதியே அதன் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது, அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டூடியோவும் அதே ஆண்டில் மூடப்பட்டது. முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்து இதை முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்வது கடினம். முதல் இரண்டு வாரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது எளிது. ஸ்டீம் எனும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் வெளியாகும் விளையாட்டுகளுக்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற எண்ணிக்கையை எவரும் பார்க்கலாம். அதே இரண்டு வாரத்தில் வேறொன்றும் தெரிந்துவிடும்: உங்கள் மகனின் நண்பர்கள் உண்மையிலேயே அதை ஆடுகிறார்களா, அல்லது பேசியதோடு சரியா என்பது.

முன்பதிவுக்கு ஈடாகக் கிடைப்பது பெரும்பாலும் பாத்திரத்துக்கு ஓர் உடை, துப்பாக்கிக்கு ஒரு வண்ணம், சில நாள் முன்கூட்டியே நுழையும் சலுகை ஆகியவைதாம். திறமையால் வெல்லும் விளையாட்டில் இவற்றால் வெற்றி கூடப் போவதில்லை. வேலொரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 உள்ளிட்ட பல போட்டி விளையாட்டுகள் இலவசமாகவே ஆடக் கிடைப்பவை என்பதையும் மறக்க வேண்டாம். இந்தச் சந்தையில் 90 வெள்ளி கேட்கும் விளையாட்டு, தன் தகுதியை முதலில் காட்டட்டும்.

மகன் ஏற்கெனவே முன்பதிவு செய்திருந்தால் பதற வேண்டாம். ஸ்டீமில் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைப் பெறலாம். வெளியான பிறகு என்றால் 14 நாளுக்குள், அதுவும் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே நுழையும் சலுகையில் ஆடிய நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்று 2024 ஏப்ரலில் விதி மாற்றப்பட்டது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பிளேஸ்டேஷனில் வாங்கியிருந்தால், விளையாட்டு பதிவிறங்கத் தொடங்கியதும் திரும்பக் கேட்கும் உரிமை பொதுவாகப் போய்விடும் என்பதால், தானாகப் பதிவிறக்கும் அமைப்பை அணைத்து வைப்பது நல்லது. கடையில் முன்பணம் கட்டியிருந்தால் ரசீதில் உள்ள நிபந்தனைதான் அடிப்படை. தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பை நாடலாம், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றமும் இருக்கிறது.

“அடுத்த சில மாதங்களில்” என்ற தேதியையும் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பங்கி நிறுவனத்தின் மாரத்தான் என்ற சுடும் விளையாட்டு 2025 செப்டம்பர் 23 அன்று வருவதாக இருந்தது. ஏப்ரலில் நடந்த சோதனையில் ஆட்டக்காரர்கள் சொன்ன குறைகளைக் கேட்ட நிறுவனம், ஜூனில் அந்தத் தேதியைக் கைவிட்டது. தேதி தவறாமல் வந்தாலும் சொன்னதெல்லாம் உள்ளே இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஓவர்வாட்ச் 2 விளையாட்டை 2019 நவம்பரில் அறிவித்தபோது, நண்பர்கள் கூடிக் கணினியை எதிர்த்து ஆடும் ஹீரோ பயணங்களைத்தான் பெரிதாகக் காட்டினார்கள். விளையாட்டு 2022 அக்டோபரில் வந்தது, 2023 மே மாதத்தில் அந்தப் பகுதியே கைவிடப்பட்டது. ஆகவே செய்திகளைப் படிக்கும்போது, நிறுவனமே அறிவித்த தேதி, தொடர்ச்சியாக ஆடிக் காட்டிய காட்சி, கசிந்ததாகச் சொல்லப்படும் தகவல் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். கசிவுகளில் சில உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவற்றை நம்பிச் செலவு செய்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

கணினி விஷயத்தில்தான் உங்கள் 2,800 வெள்ளி இருக்கிறது, எனவே சற்று நின்று பேசலாம். போட்டி விளையாட்டுகளை உருவாக்குவோர், சாதாரணக் கணினி வைத்திருப்பவரும் சேர்ந்தால்தான் கூட்டம் கூடும் என்பதை அறிந்தவர்கள். அதனால் குறைந்தபட்சத் தேவையைப் பொதுவாகத் தாழ்வாகவே வைக்கிறார்கள். நான்கு ஆண்டுப் பழைய கணினி வேகத்தில் தோற்பதைவிட, அமைப்பில் தோற்பதே இப்போது அதிகம் நடக்கிறது. ஏமாற்று நிரல்களைத் தடுக்கும் மென்பொருள்கள் விண்டோஸின் ஆக உள்ளடுக்கான கெர்னலில் இயங்குகின்றன. அவை சரியாக வேலை செய்ய, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 ஆகிய பாதுகாப்பு வசதிகள் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்று சில விளையாட்டுகள் கேட்கின்றன. விண்டோஸ் 11இல் வேலொரண்ட் இப்படிக் கேட்கிறது. 2025 ஆகஸ்டில் பேட்டில்ஃபீல்டு 6 பொதுச் சோதனை தொடங்கியபோது, நல்ல கணினி வைத்திருந்தும் செக்யூர் பூட் அணைந்திருந்ததால் உள்ளே நுழைய முடியாமல் தவித்தவர்கள் ஏராளம்.

இதை இன்றே சரிபார்க்கலாம். விண்டோஸ் தேடலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால், பயாஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்றும், செக்யூர் பூட் ஸ்டேட் என்ற வரியில் ஆன் என்றும் இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் புதிதாக வாங்கிய செயலியில் டிபிஎம் வசதி உள்ளேயே இருக்கும். கட்டித் தந்தவர் அதை இயக்காமல் விட்டிருக்கலாம், கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் போய் இயக்கினால் போதும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியங்களைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்: பாடக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுப்பது, வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை எழுதி வைப்பது. இல்லாவிட்டால் கணினி திறக்க மறுத்துக் குறியீடு கேட்கும், கல்லூரி ஒப்படைப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். பயாஸ் மோட் வரியில் லெகசி என்று இருந்தால் வட்டின் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான கருவி விண்டோஸிலேயே உண்டு என்றாலும், பழக்கமில்லாதவர் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதே மேல்.

இந்த மென்பொருள்கள் கணினியின் ஆழத்தில் இயங்குவது எல்லாருக்கும் உவப்பானதல்ல. நீங்களும் அதே கணினியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பவராக இருந்தால், அந்த வேலையைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து. புதிய கணினிக்குப் பதில் ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கருவி வாங்கித் தரலாமா என்று யோசித்தால், அது லினக்ஸில் இயங்குவது. வேலொரண்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை அதில் ஓடாது, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் ஆதரவை நிறுத்திவிட்டது.

வேகம் உண்மையிலேயே போதவில்லை என்றால் முழுக் கணினியையும் மாற்ற வேண்டியதில்லை. வினாடிக்கு 144 முறை காட்சி மாறும் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கி வைத்துவிட்டு, விண்டோஸ் அமைப்பில் அது 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காத வீடுகள் உண்டு. 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சி மாற 16.7 மில்லிவினாடி ஆகிறது, 144இல் அது 6.9ஆகக் குறைகிறது, இந்தத் திருத்தத்துக்குச் செலவே கிடையாது. நினைவகம் (ரேம்) ஒரே பட்டையாக இருந்தால், இன்னொன்றைச் சேர்த்து இணையாக்குவது செயலிக்கு உதவும். நினைவகத்தின் விலை 2025ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து கடுமையாக ஏறிவிட்டது என்பதால், அதையும் சோதனைக் காலத்தில் ஆடிப் பார்த்து, தேவை உறுதியான பிறகே வாங்க வேண்டும்.

இணைய இணைப்பில் நாம் கொடுத்துவைத்தவர்கள். தென்கிழக்காசியச் சேவையகத்தைச் சிங்கப்பூரில் வைப்பது விளையாட்டு நிறுவனங்களிடையே பரவலான வழக்கம்; அப்படி இருந்தால் தகவல் போய்த் திரும்பும் பிங் நேரம் பத்து மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். ஆட்டக்காரர்களில் 70 விழுக்காட்டினருக்கு 35 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்று வேலொரண்டுக்காக ரயட் நிறுவனம் இலக்கு வைத்தது என்றால், நம் நிலை எவ்வளவு சாதகமானது என்பது புரியும். ஆனால் புதிய விளையாட்டின் முதல் கட்டச் சோதனைகள் சில நேரம் அமெரிக்காவுக்கு மட்டும் திறக்கப்படுகின்றன. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் செல்லும். லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 14,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த இணைப்பு எடுத்தாலும் போய்வர 140 மில்லிவினாடிக்குக் குறையாது. விளையாட்டுக்கென்றே விற்கப்படும் 10 ஜிகாபிட் திட்டம் இந்தத் தொலைவைச் சுருக்காது. வெளியீட்டு அறிவிப்பில் உங்கள் மகன் முதலில் தேட வேண்டியது சிங்கப்பூரில் சேவையகம் உண்டா என்ற வரியைத்தான். தோக்கியோவில்தான் என்றால், தரவரிசைப் போட்டியில் அவன் ஒவ்வொரு சண்டையையும் கொஞ்சம் பின்தங்கியே தொடங்குவான்.

வீட்டுக்குள் ஒரு தடை இருக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கண்ணாடியிழை முனை பெரும்பாலும் வரவேற்பறையில் இருக்கிறது, பிள்ளையின் கணினியோ படுக்கையறையில். இடையில் உள்ள கான்கிரீட் சுவர் வைஃபையை நலிவடையச் செய்து, பிங்கை ஏறி இறங்க வைக்கும். நீளமான லேன் கம்பி ஒன்றைச் சுவரோரமாக இழுத்துவிட்டால் தீர்ந்தது. நீங்கள் எழுதிய எல்லாச் செலவுகளிலும் உடனே பலன் தரக்கூடியது உங்கள் பட்டியலில் இல்லாத இந்தக் கம்பிதான்.

வயது பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்லிவிடுகிறேன். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் எம்18 தரம் பெற்ற விளையாட்டை 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் விற்கக் கூடாது. 16 வயதுக்கான தரம் ஓர் அறிவுரை மட்டுமே. மகனுக்கு 17 என்பதால், தரம் வெளியானதும் பார்த்து முடிவெடுங்கள்.

வெளியீட்டு நேரமும் கவனத்துக்குரியது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9 மணிக்குத் திறக்கும் விளையாட்டு, அங்கே கோடை நேரம் நடப்பில் இருந்தால், நமக்கு நள்ளிரவு 12 மணிக்கும், குளிர்காலத்தில் பின்னிரவு 1 மணிக்கும் திறக்கும். முதல் இரவில் சேவையகங்கள் திணறி வரிசையில் காக்க வைப்பது வழக்கம். மறுநாள் காலை வகுப்போ தேர்வோ இருந்தால் வார இறுதிவரை பொறுப்பதால் அவன் இழக்கப்போவது ஒன்றுமில்லை, பிழைகளைச் சரிசெய்யும் முதல் திருத்தமும் அதற்குள் வந்திருக்கக்கூடும்.

டெலிகிராமில் 45 வெள்ளியை ஏற்கெனவே அனுப்பிவிட்டான் என்றால், உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். விற்றவர் அனுப்பிய கோப்பை அவன் திறந்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், ஸ்டீம், டிஸ்கார்ட் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்தச் சொல்லுங்கள்.