எந்த மில்லேனியம் ஃபால்கனை வாங்கலாம்? சில கேள்விகள், என் பதில்கள்

போன கொலுவில் கடைசிப் படியில், செட்டியார் கடைக்குப் பக்கத்தில், என் மூன்று மில்லேனியம் ஃபால்கன்களையும் வைத்திருந்தேன். ஸ்டார் வார்ஸ் படங்களில் ஹான் சோலோ ஓட்டும் அந்தத் தட்டை வடிவ விண்கலம்தான். 'கிட்' என்று பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை நாமே சேர்த்துக் கட்டும் மாடல்கள் இவை. சுண்டல் வாங்க வந்தவர்கள் கேட்க ஆரம்பித்த கேள்விகள் இன்னும் ஓயவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூர் நண்பர்: 1/72, 1/144 என்கிறார்களே, வீட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும்?

கதைப்படி ஃபால்கனின் நீளம் கிட்டத்தட்ட 35 மீட்டர். 1/72 என்றால் அதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, வகுத்துப் பாருங்கள். 1/72 என்றால் சுமார் 48 செ.மீ., 1/144 என்றால் 24, சின்ன 1/350 என்றால் 10. நம் கணக்கில் சொன்னால் பெரிய தாம்பாளம், சாப்பாட்டுத் தட்டு, கொஞ்சம் பெரிய இட்லி. புத்தக அலமாரியில் வைக்கிற மாதிரி ஒல்லியான பொருள் இல்லை இது. அகலமும் நிறைய என்பதால் 1/72-ஐச் சாதாரண ஷெல்ஃபில் வைத்தால் முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வாங்குவதற்கு முன் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டில் இன்றுவரை பேச்சு கேட்கிறேன்.

மயிலாப்பூர் சார் ஒருவர்: 1/72-இல் பண்டாயா, ஃபைன் மோல்ட்ஸா?

இரண்டுமே ஜப்பான் கம்பெனிகள். ஃபைன் மோல்ட்ஸ் கிட் 2005-இல் வந்தது. பண்டாயின் 'பெர்ஃபெக்ட் கிரேட்' (அவர்களுடைய உயர்தர வரிசை) கிட் 2017-இல் வந்தது, அப்போது அங்கேயே வரி சேர்க்காமல் 40,000 யென். இங்கே வந்து சேரும்போது கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். 'நிஜ' ஃபால்கன் என்று ஒன்று கிடையாது. 1977-இல் வந்த முதல் படத்தின் படப்பிடிப்புக்காகச் செய்த மாடல் சுமார் ஐந்தடி. 1980-இல் வந்த அடுத்த படத்துக்கு 32 அங்குலத்தில் இன்னொன்று செய்தார்கள். முதல் படத்தின் கலத்துக்குத் தரையிறங்க மூன்று கால், அடுத்ததிலிருந்து ஐந்து. உடம்பு முழுக்க ஒட்டியிருக்கும் குழாய், பெட்டி எல்லாம் கடைகளில் விற்ற டாங்கி, ரேஸ் கார் கிட்களிலிருந்து உருவி ஒட்டியவை. ஆக, நாம் வாங்குவது ஒரு மாடலின் மாடல். பண்டாய் அந்த ஐந்தடி மாடலைத்தான் பார்த்துச் செய்திருக்கிறது. முதல் படம்தான் உங்கள் மனசில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கட்டும் அனுபவம் இரண்டிலும் வேறு. பண்டாயில் பசை தேவையில்லை, பாகங்கள் 'டக்' என்று உட்காரும், பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது. ஃபைன் மோல்ட்ஸில் ஒட்டணும், காயவைக்கணும், பெயின்ட் அடிக்கணும். கூர்மையில் ஃபைன் மோல்ட்ஸ் சளைத்ததில்லை. என் கை பழகியது பசையில்தான் என்பதால் எனக்குப் பிரியம் அதன்மேல். ஆனாலும் உங்களுக்குப் பண்டாயையே சொல்வேன். 2014-இல் ஸ்டார் வார்ஸ் உரிமை பண்டாயிடம் போனபிறகு ஃபைன் மோல்ட்ஸ் பெட்டி கிடைத்தால் பழைய சரக்காகத்தான் இருக்கும். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளாகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ரெவெல் என்ற இன்னொரு கம்பெனியின் பெட்டி தனிக் கதை. அந்தப் பெயரில் ஃபைன் மோல்ட்ஸ் அச்சில் வார்த்த கிட்டும் வந்திருக்கிறது, பண்டாய் அச்சும் வந்திருக்கிறது, அவர்களுடைய எளிய சொந்தக் கிட்டும் உண்டு. மேலே உள்ள படத்தை நம்பாதீர்கள். பாகங்கள் இருக்கும் ஃபிரேமின் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். நான் ஒருமுறை கேட்காமல் பணம் அனுப்பினேன். வந்தது நான் நினைத்தது இல்லை, திருப்பியும் எடுக்கவில்லை.

தாம்பரம் கல்லூரித் தம்பி: இதுதான் முதல் கிட். ஏர்பிரஷ் (பெயின்டைக் காற்றோடு பீச்சும் கருவி) இல்லை. எது வாங்கட்டும் அண்ணா?

பண்டாய் 1/144, தம்பி. 2015-இல் வந்ததில் ஆன்டெனா செவ்வகமாக இருக்கும். பழைய வட்ட ஆன்டெனா 1983 படத்தில் இடித்து உடைந்துபோனதால் பிறகு மாற்றினார்கள். வட்டம்தான் வேண்டும் என்றால் பெட்டிப் படத்தைக் கவனித்து வாங்கு.

பெயின்ட் இல்லாமலே நன்றாக வரும், 'வாஷ்' மட்டும் போடு. நீர்த்த கறுப்பு பெயின்டை மெல்லிய பிரஷ் நுனியில் எடுத்து, பாகங்களின் மேல் பள்ளமாக இருக்கும் கோட்டில் ஒரே ஒரு இடத்தில் தொடு. கோட்டோடு அதுவே ஓடிப்போகும், பார்க்கவே ஆசையாக இருக்கும். இங்கேதான் ஒரு ஆபத்து. எனாமல் தின்னர் கலந்த வாஷ், இறுக்கமாகப் பூட்டிய மூட்டுக்குள் இறங்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். உடனே தெரியாது. என் பீரங்கிக் குழல் ராத்திரி முழுக்க நன்றாக நின்றது, காலையில் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தால் இரண்டாகக் கிடந்தது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வாஷ் போதும்.

வேளச்சேரி நண்பர்: லாக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட்) ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துப் போகிறதே?

சென்னைக் காற்றின் வேலை அது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கவே அடிக்காதீர்கள். மற்ற மாதங்களில் மதிய வெயில் நேரம் பரவாயில்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கொஞ்சம் கலந்தால் இன்னும் நல்லது. லேசாகப் பூத்திருந்தால் வறண்ட நாளில் மேலே இன்னொரு மெல்லிய கோட் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹார்டுவேர் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை மட்டும் கிட்டில் படவிடாதீர்கள். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும்.

அண்ணா நகர் நண்பர்: எம்.பி.சி. என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய கிட் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

1979 அச்சு. உடம்பு தடிமன், நுணுக்கம் மழுங்கல். சின்ன வயதில் அதை ஏக்கத்தோடு பார்த்த ஞாபகம் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

குரோம்பேட்டை நண்பர்: உள்ளே லைட் போடுவது கஷ்டமா?

பண்டாய் 1/72 எல்.இ.டி.யோடும் வந்திருக்கிறது, இல்லாமலும் வந்திருக்கிறது. மற்றதற்கு நம்ம எலெக்ட்ரானிக்ஸ் சந்தை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கிறது. ரெசிஸ்டரோடு சேர்த்து வாங்குங்கள். வயரிங் பெரிய வித்தையில்லை. எல்லாரும் மறப்பது, உள்பக்கம் முதலில் கறுப்பு அடிப்பதை. அடிக்காவிட்டால் பின்னால் எஞ்சின் மட்டுமில்லை, மொத்தக் கலமும் லாந்தர் மாதிரி ஒளிரும்.

அடையாறு மேடம் ஒருவர்: அடுத்த கொலுவிலும் வைப்பீர்களா?

வைப்பேன் மேடம், ஆனால் மேல் படியில். போன தடவை ஒரு வாண்டு ஆன்டெனாவைப் பிடுங்கிச் சுண்டலுக்குள் போட்டுவிட்டான். நல்லவேளை, என் கிண்ணத்தில் வந்தது.