தேங்காய்த் தண்ணீரும் அரசு மானியமும்: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அண்ணா, கொப்பரைக் களத்துத் தேங்காய்த் தண்ணீரில் நாட்டா டி கோகோ (மெல்லும் ஜெல்லி போன்ற தின்பண்டம்) போடுகிறோம். தட்டில் நன்றாக வருகிறது. 500 லிட்டர் டேங்கில் மேலே ஒரு ஏடு மட்டும், கீழே புளித்த தண்ணீர். ஏன்?

பதில்: தண்ணீரை நாட்டாவாக்குவது ஒரு பாக்டீரியா; அதற்குக் காற்று வேண்டும், காற்று படும் மேற்பரப்பில்தான் ஏடு கட்டும். ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, பரப்பைக் கூட்டுங்கள். 4 செ.மீ. ஆழத்தில் ஊற்றினால் 500 லிட்டருக்கு 12.5 சதுர மீட்டர் தட்டு வேண்டும். அடுக்கு ரேக் போட்டால் சின்ன அறையே போதும். கலக்கி மோட்டார் வைக்காதீர்கள்: கட்டி கட்டியாகும், ஏடு கட்டாத பாக்டீரியா ரகம் பெருகி மற்றதை அமுக்கிவிடும்.

10 லிட்டர் தேங்காய்த் தண்ணீருக்குச் சர்க்கரை 1 கிலோ, உணவுத்தர அம்மோனியம் சல்பேட் 50 கிராம் (உரமூட்டையைத் தொடவே கூடாது). தேங்காய் உடைத்த அன்றே கொதிக்க வையுங்கள். ஆறியபின் அசிட்டிக் அமிலம் விட்டு பி.எச். (புளிப்பின் அளவு) 4–4.5க்குக் கொண்டுவந்து, தாய்க்கரைசல் (அந்த பாக்டீரியா வளர்ந்திருக்கும் விதைநீர்) 1 லிட்டர் சேருங்கள். சூட்டோடு ஊற்றினால் தாய் செத்துப்போகும். 28–30 டிகிரியில், துணி மூடி, 10–12 நாள் அசைக்காமல் விடுங்கள். நாலாம் நாள் தட்டை நகர்த்தினால் ஏடு அமிழ்ந்து மேலே புதிதாக இன்னொன்று கட்டும். வெட்டும்போது இரண்டும் பிரிந்து வரும்.

வேலந்தாவளம் வாசகர்: பைராக்கின் (உயிரித் தொழில்நுட்பத்துக்கு உதவும் மத்திய அரசு நிறுவனம்) பிக் மானியம் 50 லட்சம் வாங்கி ஷெட் போடலாமா?

பதில்: முடியாதுங்க. அது புது யோசனையை 18 மாதத்தில் நிரூபிக்க, இலக்கு எட்ட எட்டத் தவணையாக வரும் காசு. நாட்டா பிலிப்பைன்ஸில் எப்போதோ வந்த பழைய சரக்கு. உங்களுக்குப் பி.எம்.எஃப்.எம்.இ. (சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசு மானியத் திட்டம்) பொருந்தும்: திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம், கைக்காசு 10 சதவீதமாவது வேண்டும், மீதி வங்கிக் கடன். அதே ஏட்டில் புண்ணுக்குக் கட்டும் பட்டை செய்யப் போகிறீர்களா? அப்போது பிக்கைத் தாராளமாக முயலலாம்.

கோபாலபுரம் வாசகர்: 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பயோ இ3 கொள்கையால் (உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்கும் கொள்கை) என்ன லாபம்? நாங்கள் என்சைம் செய்கிறோம், கலக்கும் டேங்கில்.

பதில்: கையில் காசாக எதிர்பார்க்காதீர்கள். பொதுவில் பயன்படுத்தும் உற்பத்திக் கூடங்கள் அமைப்பது அதன் முக்கியப் பகுதி. சொந்தமாக 1,000 லிட்டர் பெர்மென்டர் (நுண்ணுயிர் வளர்க்கும் கலன்) வாங்குமுன் அப்படியொரு கூடத்தில் வாடகைக்கு ஓட்டிப் பாருங்கள். அதே வடிவில் 10 லிட்டரை 1,000 ஆக்கினால் கொள்ளளவு 100 மடங்கு, வெளிப்பரப்பு சுமார் 21 மடங்குதான். சூடு வெளியேறுவது கடினமாகும். 10 லிட்டரில் கலனைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரே போதும், இங்கே உள்ளே குளிர்சுருளும் தேவைப்படலாம். அந்தக் கூடத்துக்குப் போகும்போது, நீங்கள் ஓட்டிய மூன்று தொகுதிகளின் (பேட்ச்) மகசூல் கணக்கு கையில் இருக்கட்டும்.

மீனாட்சிபுரம் வாசகர்: வீடு தமிழ்நாட்டில், ஷெட் கேரளத்தில். பி.எம்.எஃப்.எம்.இ. மானியத்துக்கு எங்கே மனு?

பதில்: ஷெட் இருக்கும் இடம்தான் கணக்கு: பாலக்காடு மாவட்டத் தொழில் மையம். மாசுக் கட்டுப்பாட்டு ஒப்புதலும் கேரள வாரியத்திடம்தான். புளித்த கழிவுநீரைச் சுண்ணாம்பிட்டு பி.எச். 5.5க்கு மேல் ஏற்றாமல் வெளியே விடாதீர்கள்.